மேற்கு மேலே இருந்த மேப்

போன மாதம் நித்யா வீட்டுக்கு வந்திருந்தாள். நான் கடைசியாக வேலை பார்த்த பள்ளிக்கூடத்தில் இப்போது சமூக அறிவியல் எடுக்கிற பெண். வாங்கி வந்த மாம்பழத்தைக் கீழே வைக்கும் முன்பே புலம்ப ஆரம்பித்துவிட்டாள். புதுப் புத்தகத்தில் ஒரு பாடத்தின் கடைசியில், உங்கள் ஊரிலிருந்து ஒரு சாலைப் பயணத்தைத் திட்டமிடுங்கள் என்று போட்டிருக்கிறார்களாம். வகுப்பில் கொடுத்திருக்கிறாள். ஒருத்தன் அப்பாவுடைய செல்போனைக் கொண்டுவந்து கல்லணை என்று தட்டினானாம். நீலமாக ஒரு கோடு வந்ததாம். எல்லாரும் அதைப் பார்த்து வரைந்துவிட்டு, மணி அடிப்பதற்குள் விளையாடப் போய்விட்டார்களாம்.

"இதுல நான் என்னத்தப் பாடம் நடத்துறது டீச்சர்? நீங்க அந்தக் காலத்துலயே இப்படி ஏதோ பண்ணீங்களாமே, சொல்லுங்க" என்றாள்.

பண்ணினோம்தான். நீலக்கோடு கிடையாது என்பதால் எங்களுக்குப் பள்ளி திறந்ததிலிருந்து காலாண்டுத் தேர்வு வரைக்கும் பிடித்தது. அவளிடம் அன்றைக்குப் பாதிதான் சொன்னேன். மீதி அப்படியே நின்றுவிட்டது. அதை இங்கே எழுதுகிறேன்.

தஞ்சாவூரில் இரண்டு வருஷம் ஆசிரியர் பயிற்சி முடித்தேன். அதைப்பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. களிமண்ணில் இமயமலை செய்தோம். பூகோளத்தைச் சுவாரசியமாக நடத்துவது எப்படி என்று ஒருவர் தூக்கம் வருகிற குரலில் நடத்தினார். அப்புறம் திருத்துறைப்பூண்டிப் பக்கம் ஒரு கடைமடை கிராமத்தில், நடுநிலைப்பள்ளியில் வேலை கிடைத்தது. கடைமடை என்றால் ஆற்றுத் தண்ணீர் எல்லா ஊருக்கும் பாய்ந்து முடித்துக் கடைசியாக எட்டிப் பார்க்கிற இடம். சில வருஷம் எட்டிப் பார்க்காமலே போய்விடும்.

ஆட்சி மாறிக் கொஞ்ச வருஷம்தான் ஆகியிருந்தது. நிலத்துக்கு உச்சவரம்பு என்று பேச்சாக இருந்தது. வயல் பக்கம் செங்கொடி, கடைத்தெருப் பக்கம் கறுப்புச் சிவப்பு. மிராசுதார்களில் கெட்டிக்காரர்கள் வேட்டிக்கரையை மாற்றிக்கொண்டார்கள், நிலத்தை மட்டும் மாற்றவில்லை. நடவு வந்தாலும் அறுப்பு வந்தாலும் கூலித் தகராறு. பள்ளிக்கூடத்தில் மேலத்தெருப் பிள்ளைகள் ஒரு பக்கமும் கீழத்தெருப் பிள்ளைகள் ஒரு பக்கமுமாக உட்காரும். மேலத்தெரு நிலம் உள்ளவர்களுடையது, கீழத்தெரு அந்த நிலத்தில் வேலை செய்கிறவர்களுடையது. அப்படி உட்காரச் சொல்லி யாரும் சட்டம் போடவில்லை. சட்டம் போட்டிருந்தால் மீறியாவது இருப்பார்கள்.

தலைமையாசிரியர் நடேசன் சார். கதர்ச்சட்டை, ஒரு பழைய சைக்கிள், முகம் துடைத்துத் துடைத்து ஈரமாகவே இருக்கிற கைக்குட்டை. அவர் வாயால் 'முடியாது' என்று சொல்லி நான் கேட்டதே இல்லை. அதற்குப் பதிலாக மூன்று சொல் வைத்திருந்தார். 'பார்ப்போம்' என்றால் நடக்காது. 'பார்க்கலாம்' என்றால் இன்னொரு நாள் வந்து கேள். 'பாத்துக்கலாம்' என்றால் நடந்த மாதிரிதான். இது பிடிபடுவதற்குள் அவருடைய 'பார்ப்போ'மை நம்பி நான் இரண்டு தடவை ஏமாந்தேன்.

எட்டாம் வகுப்புக்குக் காவிரிப் பாடம். தலைக்காவிரியில் உற்பத்தியாகி வங்கக்கடலில் கலக்கிறது என்று கிளிப்பிள்ளை மாதிரி ஒப்பித்தார்கள். எனக்கு அப்போதே கொஞ்சம் கோபம் ஜாஸ்தி. அதை விடுங்க, நம்ம வாய்க்காலுக்குத் தண்ணி எங்கேருந்து வருது, அதைச் சொல்லுங்க என்றேன். மேலேருந்து என்று மொத்த வகுப்பும் கத்தியது. மேலே என்றால் எங்கே, மேப்பில் காட்டு என்று ஒரு பையனைக் கூப்பிட்டேன். அவன் தமிழ்நாடு மேப்பின் உச்சியில் விரலை வைத்தான். அங்கே மெட்ராஸ் இருந்தது. காவிரித் தண்ணி மெட்ராஸிலிருந்து வருகிறது என்றால் அரசாங்கம் சந்தோஷப்படும், நமக்குத்தான் கஷ்டம் என்றேன். வகுப்பு சிரித்தது. பையனுக்கு மட்டும் என்ன தப்பு என்று புரியவில்லை.

கீழத்தெரு வரிசையிலிருந்து செல்வி எழுந்து வந்தாள். ஒல்லியான பெண், குரல் மட்டும் கணீரென்று இருக்கும். அவள் அம்மா அஞ்சலைதான் ஊரில் நடவுப் பெண்களைக் கூட்டிச் சேர்க்கிறவள். குரல் அங்கிருந்து வந்தது. செல்வி என்னைக் கேட்கவில்லை. மேப்பை ஆணியிலிருந்து கழற்றினாள், பக்கவாட்டில் திருப்பிப் பிடித்தாள். மேற்கு மேலே போயிற்று, கடல் கீழே வந்தது.

"இப்ப சரியா இருக்கு டீச்சர்" என்றாள்.

சரியாகத்தான் இருந்தது. எங்கள் பக்கத்தில் மேலே என்றால் மேற்கு, கீழே என்றால் கிழக்கு. பூமி அப்படித்தான் சரிந்திருக்கிறது, தண்ணீரும் அப்படித்தான் வருகிறது. மேற்கே உள்ள ஊருக்குப் போகிறவன் 'மேலே போறேன்' என்பான். வடக்கை உச்சியில் வைத்து மாட்டிய மேப் அந்தப் பிள்ளைகளுக்குப் படுத்துக் கிடந்தது. நானும் இதே மண்ணில் பிறந்தவள், எனக்கு அதுவரை தோன்றவில்லை. மேப்பை அப்படியே மாட்டச் சொன்னேன். அந்த 'மேலே'யைத் தேடி எல்லாரும் ஒரு நாள் போய்ப் பார்த்துவிடலாம், வழியை நீங்களே கண்டுபிடியுங்கள் என்றும் சொல்லிவிட்டேன். வாய் முந்திக்கொண்டது. பஸ்ஸுக்கு என்ன செய்வது என்று யோசிக்கவே இல்லை.

அவர்கள் வழி கண்டுபிடித்த விதம் இன்றைக்கும் என் கண்ணுக்குள் இருக்கிறது. ஒவ்வொருவருக்கும் தங்களுக்கு அடுத்த மேல ஊர் வரைக்கும்தான் தெரியும். அந்த ஊரில் சொந்தக்காரர் உள்ள பிள்ளை அதற்கும் மேலே எந்த ஊர் என்று விசாரித்து வரும். கல்யாணத்துக்குப் போனவர்கள், காது குத்துக்குப் போனவர்கள் எல்லாரிடமும் வாய்க்காலைப் பற்றியே கேட்டார்கள். ஒருத்தியின் மாமா, பொண்ணு கேட்டு வந்த இடத்தில் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லிவிட்டுத்தான் காப்பி குடித்தாராம். வாய்க்கால் கோரையாற்றில் போய் முட்டியது. கோரையாறு நீடாமங்கலத்தில், வெண்ணாறு மூன்றாகப் பிரிகிற மூணாறு தலைப்பில் போய் முட்டியது. வெண்ணாறு கல்லணைக்குக் கொண்டுபோய் விட்டது.

எந்த இடத்தில் நிற்பது என்பதற்கு ஒரு விதி வைத்தேன். ஏன் நிற்கிறோம் என்று சொல்லத் தெரிந்தால்தான் அந்த ஊர் மேப்பில் ஏறும். யார் கட்டியது, யார் ஆண்டது, என்ன விளைகிறது, குடிக்கத் தண்ணீர் எங்கே. நீடாமங்கலத்தில் மராட்டிய ராஜா தன் ராணி பெயரில் கட்டிய சத்திரம் ஏறியது. தஞ்சாவூரில் பெரிய கோயிலும் அரண்மனையும் ஏறின. அல்வாக் கடை ஒன்றை ஏற்ற மிராசுதார் தம்பி மகன் பாலு நெடுநாள் போராடினான். மராட்டியர் காலத்தில்தான் அல்வா வந்தது என்று ஒரு சரித்திரத்தையே கிளப்பிவிட்டான், நான் மசியவில்லை. நீடாமங்கலம் ரயில்வே கேட்டுக்கு மட்டும் யாரும் கேட்காமலே ஒரு நிறுத்தம் போட்டார்கள். அந்தக் கேட்டில் காத்துக் கிடக்காமல் தஞ்சாவூர் போனவர் எங்கள் பக்கத்தில் கிடையாது.

பயணம் புறப்படுகிற இடம் என்று எங்கள் ஊரையும் வரைய வேண்டியிருந்தது. திசைகாட்டியை எடுத்துக்கொண்டு தெருத்தெருவாகப் போய்விட்டு வந்து, வகுப்புத் தரையில் சாக்கட்டியால் பெரிதாக வரைந்தார்கள். மேலத்தெரு மேற்கே வந்தது. கோயில் நடுவில் வந்தது. செல்வி தங்கள் தெருவை வரைந்துவிட்டு அப்படியே குந்தி உட்கார்ந்திருந்தாள்.

"டீச்சர், எங்க தெரு தெக்காலல்ல வருது?"

ஆமாம் என்றேன்.

"கிழக்கே இருந்தாத்தானே கீழத்தெரு? தெக்கால இருக்கறதுக்கு எதுக்குக் கீழத்தெருன்னு பேரு?"

கணீரென்றுதான் கேட்டாள். மேலத்தெருப் பிள்ளைகள் குனிந்து தரையைப் பார்த்தார்கள். பாலு சாக்கட்டியை ஒடித்துக்கொண்டிருந்தான். பதில் அந்த அறையில் எல்லாருக்கும் தெரியும், கேட்டவளுக்கும் தெரியும். தெரிந்த பதிலை ஒரு டீச்சர் வாயால் உறுதி செய்துவிடக் கூடாது என்று எனக்குப் பட்டது. யோசிச்சுச் சொல்றேன் என்றேன். சரிங்க டீச்சர் என்று விட்டுவிட்டாள். மறக்கவில்லை. வாரத்துக்கு ஒரு தடவையாவது, யோசிச்சீங்களா டீச்சர் என்று சிரித்துக்கொண்டே கேட்பாள்.

நடுவில் இன்ஸ்பெக்‌ஷன் வந்தது. அதிகாரி சுவரில் பக்கவாட்டில் தொங்கிய மேப்பைப் பார்த்து முகம் சுளித்தார். வடக்குதான் மேலே இருக்க வேண்டும், உலகம் பூராவும் அதுதான் முறை, உடனே மாற்றுங்கள் என்றார். நடேசன் சார் கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, பாத்துக்கலாம் சார் என்று பணிவாகச் சொன்னார். போச்சு, மேப்பைத் திருப்பிவிடுவார் என்று நினைத்தேன். அதிகாரி ஜீப் ஏறிப் போனதும் அவர் மேப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மேலதிகாரிகளிடம் அவர் சொல்கிற 'பாத்துக்கலாம்' வேறு ரகம் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

புரட்டாசியில் காலாண்டுத் தேர்வு முடிந்ததும் போவதாக ஏற்பாடு. மன்னார்குடி ரோட்டில் ரைஸ்மில் வைத்திருந்த ராவுத்தர் லாரி தருவதாகச் சொல்லியிருந்தார். அந்த நேரம் பார்த்து நடவுக்கூலித் தகராறு முற்றிவிட்டது. அஞ்சலையின் பெண்கள் வயலில் இறங்க மாட்டோம் என்றார்கள். நாற்று முற்றிக்கொண்டிருந்தது. வெளியூர் ஆட்களைக் கொண்டுவந்து நடப்போம் என்றார் மிராசுதார். ஊரில் போலீஸ் வந்து இறங்கிற்று. எங்கள் பிள்ளைகளை அந்தத் தெருப் பிள்ளைகளோடு ஒரே லாரியில் அனுப்ப மாட்டோம் என்று மேலத்தெரு சொன்னது. வழியில் ஏதாவது ஆனால் யார் பொறுப்பு என்று கீழத்தெரு பயந்தது.

நடேசன் சாரிடம் போய் நின்றேன். எல்லாப் பிள்ளைகளும் போறதா இருக்காம்மா என்று மட்டும் கேட்டார். எல்லாரும் போனால்தான் சார், இல்லாவிட்டால் யாரும் போகவில்லை என்றேன். கைக்குட்டையை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

"பாத்துக்கலாம்" என்றார்.

சைக்கிளை எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போனார். மிராசுதார் வீட்டில் என்ன பேசினார் என்று கடைசிவரை சொல்லவில்லை. புறப்படுகிற அன்றைக்கு ஒரு பிள்ளை பாக்கியில்லாமல் வந்திருந்தது.

லாரியில் சாக்கு விரித்துப் பிள்ளைகளை உட்கார வைத்தோம். டிரைவர் காதர் அண்ணனுக்குப் பக்கத்து இடம் வழி சொல்கிறவருக்கு. அந்த இடத்துக்குப் போட்டியே இல்லை, செல்வி என்று எல்லாருமாகவே முடிவு செய்திருந்தார்கள். மடித்த மேப்பை மடியில் வைத்துக்கொண்டு, மேற்கை மேலே பிடித்தபடி, இன்னுங் கொஞ்சம் மேலே போங்கண்ணே, இப்ப வடக்கே திரும்புங்கண்ணே என்று சொல்லிக்கொண்டே வந்தாள். அவருக்குக் கண்ணை மூடினாலும் தெரிகிற ரோடு அது. ஒவ்வொரு திருப்பத்திலும், சரிங்கம்மா என்று கேட்டுக்கொண்டுதான் திருப்பினார். நான் அவர்களுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். என் சர்வீஸில் அதைவிடச் சந்தோஷமான ஒரு காலை எனக்கு இல்லை.

நீடாமங்கலம் கேட்டுக்குக் கொஞ்சம் முன்னால் வண்டிகள் வரிசையாக நின்றன. கேட்தான் என்று பிள்ளைகள் கைதட்டினார்கள். கேட் இல்லை. ரோட்டை அடைத்துக்கொண்டு பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். செங்கொடிகள். மறியல். காதர் அண்ணன் இன்ஜினை நிறுத்தினார். முன்வரிசையில், முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு அஞ்சலை இருந்தாள். செல்வி வெடுக்கென்று நிமிர்ந்தாள். அவளுக்குத் தெரிந்திருக்கவில்லை. தெரிந்தால் மகள் டூருக்குக் கிளம்ப மாட்டாள் என்று அம்மா சொல்லாமல் இருந்திருக்கிறாள்.

நான் இறங்கிப் போய்க் கேட்டேன். இரண்டு பேர், பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் பாவம், விடலாம் என்றார்கள். ஒரு லாரியை விட்டால் பின்னாலேயே வெளியூர் ஆட்களை ஏற்றிய லாரியும் வரும் என்று மற்றவர்கள் சத்தம் போட்டார்கள். அஞ்சலை எழுந்து நின்று இந்த ஒரு வண்டியை மட்டும் விடுவோம், அப்புறம் நானே நடுரோட்டில் படுத்துக்கொள்கிறேன் என்றாள். அவள் சொன்னால் மறுபேச்சு இல்லை. பெண்கள் ஒவ்வொருவராக எழுந்து ஓரம் ஒதுங்கினார்கள்.

திரும்பி லாரிக்கு வந்தால், செல்வி கீழே இறங்கி நின்றுகொண்டிருந்தாள்.

"நீங்க போயிட்டு வாங்க டீச்சர். நான் வரல."

ஏறும்மா, அம்மாவே போகச் சொல்றாங்க என்றேன்.

"தெரியும் டீச்சர். அவங்க எந்திரிச்சு வழி விட, நான் லாரில உக்காந்து போறதா?"

அஞ்சலை வந்து கெஞ்சினாள், அதட்டினாள், முதுகில் ஒன்று வைத்தாள். செல்வி அசையவில்லை. மேப்பை என் கையில் கொடுத்தாள். அழவில்லை. வழக்கமான அந்தச் சிரிப்பு இருந்தது.

"மேலே எப்படி இருக்குன்னு பாத்துட்டு வந்து சொல்லுங்க. அந்தக் கேள்விக்கும் யோசிச்சு வைங்க."

லாரி நகர்ந்தபோது திரும்பிப் பார்த்தேன். பெண்கள் மறுபடியும் ரோட்டில் உட்கார்ந்துகொண்டிருந்தார்கள். அம்மாவுக்கும் இன்னொரு பெண்ணுக்கும் நடுவில் செல்வி சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தாள். காதர் அண்ணன் பக்கத்து இடத்துக்கு பாலுவைக் கூப்பிட்டேன். அது செல்வி இடம் டீச்சர் என்று சொல்லிவிட்டு அவன் பின்னாலேயே இருந்துவிட்டான். கல்லணை வரைக்கும் அந்த இடம் காலியாகவே போயிற்று.

கல்லணையில் தண்ணீர் நிறைந்து போய்க்கொண்டிருந்தது. பிள்ளைகள் ஆசையாகப் பார்த்தார்கள். இதுவா நம்ம தண்ணி, இதுவா நம்ம தண்ணி என்று ஒவ்வொரு மதகாகக் காட்டிக் கேட்டார்கள். வெண்ணாற்று மதகு வந்ததும் கத்தினார்கள். நான் கிழக்கே பார்த்துக் கொஞ்ச நேரம் நின்றேன். அங்கே வைத்துத்தான் அவள் கேள்விக்குப் பதில் எனக்குத் தெரிந்தது. ஆனால் பிள்ளைகளிடம் சொல்லவில்லை. முதலில் அவளிடம்தான் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. தஞ்சாவூரில் அதிகம் நிற்காமல் கிளம்பச் சொன்னேன்.

நாங்கள் திரும்பி வருவதற்குள் மறியல் செய்தவர்களை வேனில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். கூட ஏற்றிப்போன பிள்ளைகளை மறுநாளே விட்டுவிட்டார்கள், அஞ்சலை வர நாளாயிற்று, செல்வியும் அதுவரை ஊருக்கு வராமல் வெளியூரில் சொந்தக்காரர் வீட்டில் இருந்தாள். வந்தபிறகு அந்த வீட்டுக்கு மட்டும் யாரும் வேலை கொடுக்கவில்லை. அவர்கள் வந்தது என் காதுக்கு எட்டிய அன்று காலையிலேயே கீழத்தெருவுக்குப் போனேன், கதவில் பூட்டு தொங்கியது. சீர்காழிப் பக்கம் சொந்தக்காரர் வீட்டுக்குப் போய்விட்டதாகப் பக்கத்தில் சொன்னார்கள். நடேசன் சாரிடம் சொன்னேன். பார்ப்போம் என்றார். அந்த வார்த்தைக்கு அர்த்தம் எனக்குத் தெரியும் என்பதால் வெளியே வந்து அழுதேன். திங்கட்கிழமை அவரே என் வகுப்புக்கு வந்தார். சீர்காழி வரைக்கும் போயிட்டு வந்தேன், அங்கேயும் இல்லைம்மா, வேலை தேடி எங்கேயோ போயிட்டாங்களாம் என்றார். அவருடைய 'பார்ப்போம்' பொய்யானது அந்த ஒரு தடவைதான்.

அதற்கப்புறம் எந்த ஊருக்கு மாற்றினாலும் பிள்ளைகளை வைத்து அந்தப் பயணத்தைத் திட்டமிட்டேன். மேப்பில் மேற்கு மேலேதான் இருக்கும். டிரைவர் பக்கத்து இடம் எப்போதும் அந்த ஊரின் கீழத்தெருப் பெண் ஒருத்திக்கு. எத்தனையோ தடவை கல்லணைக்குப் போயிருக்கிறேன். ஒவ்வொரு தடவையும் அவளுக்குச் சொல்ல வேண்டியதை மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டு திரும்பியிருக்கிறேன். ஒல்லியாக, கணீரென்ற குரலில் எங்கே யார் பேசினாலும் இன்றைக்கும் திரும்பிப் பார்க்கிறேன். ரொம்ப ஏக்கமாக இருக்கிறது. வயசானால் குறையும் என்றார்கள், குறையவில்லை.

நித்யா கிளம்பும்போது செல்போனைக் காட்டி, இதுலயும் மேற்கை மேலே வைக்கலாம் டீச்சர் என்று இரண்டு விரலால் மேப்பைத் திருப்பினாள். நீலக்கோடு கீழேயிருந்து மேலே ஏறிற்று. நாளைக்கு வகுப்பில் இப்படித்தான் ஆரம்பிக்கப் போகிறேன் என்றாள். ஆரம்பி, ஆனால் ஏதாவது ஒரு பிள்ளை எழுந்து ஏடாகூடமாகக் கேட்டால் யோசிச்சுச் சொல்றேன் என்று தள்ளிப்போடாதே, அங்கேயே உட்கார்ந்து யோசி என்றேன்.

செல்வி, நீ இப்போது பேரன் பேத்தி எடுத்திருப்பாய். எங்கே இருக்கிறாயோ, இது உன் கண்ணில் படுமோ படாதோ. யோசித்துவிட்டேன் அம்மா. அன்றைக்கே யோசித்துவிட்டேன். கல்லணையில் நின்று பார்த்தால் மிராசுதார் வீடு, கோயில், பள்ளிக்கூடம், உங்கள் வீடு எல்லாமே கீழேதான் இருக்கிறது. அங்கிருந்து பார்த்தால் நம் ஊரில் எல்லாத் தெருவும் கீழத்தெருதான். இதை உன்னிடம் சொல்லத்தான் அன்று சாயங்காலம் காதர் அண்ணனை விரட்டி விரட்டி லாரியை ஓட்டச் சொல்லி வந்தேன். நீடாமங்கலம் கேட் அன்றைக்கென்று திறந்திருந்தது. நீதான் அங்கே இல்லை.